தேர்வு முடிவும் பெற்றோரின் தவிப்பும்

கொச்சி மாநகரின் மகாத்மா காந்தி சாலை தெற்கே சென்று சேரும் பகுதி தேவரா. உப்பங்கழியின் கரையில் பழம்பெருமை வாய்ந்த திரு இருதயக் கல்லூரி, அதற்கு அண்மையில் கப்பல் கட்டும் தளம், பாலத்தைக் கடந்தால் கடற்படைத் தளமும் வில்லிங்டன் தீவும், அதற்கும் மேற்கே மட்டாஞ்சேரி. கப்பல் தளத் தொழிலாளர், அரசு ஊழியர், மீன்பிடிப்போர், சிறு வணிகர், தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு தேடிச் சென்று வாத்துருத்தியில் குடியேறிய கட்டுமானத் தொழிலாளர் எனப் பலதரப்பட்ட உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் இடம் அது. கேரளத்தின் பிற ஊர்களைப் போலவே இங்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் 2025 ஜூலை மாதத்தின் முதல் பத்து நாட்களை எளிதில் மறக்க மாட்டார்கள். ஜூலை 1 அன்று பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசைப் பட்டியல் வெளியாயிற்று. ஜூலை 10 இரவு அதே தேர்வுக்கு வேறொரு பட்டியல் வெளியாயிற்று. முதல் பட்டியலைக் கண்டு இனிப்பு வழங்கிய வீடுகளில் இரண்டாம் பட்டியல் கலக்கத்தைக் கொணர்ந்தது; முதற் பட்டியலைக் கண்டு கலங்கிய வீடுகள் சில மூச்சு விட்டன. இந்த ஒன்பது நாட்களுக்குள் எந்த மாணவரும் புதிதாக ஒரு வினாவுக்கேனும் விடை எழுதவில்லை.

நடந்தது என்ன என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டியுள்ளது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களே அடிப்படையாக உள்ளன. கேரளத்தில் ‘கீம்’ எனப்படும் நுழைவுத் தேர்வு தொடர்கிறது. அதன் மதிப்பெண்ணுக்குப் பாதியும், பன்னிரண்டாம் வகுப்பின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களுக்குப் பாதியுமாக, ஆளுக்கு 300 வீதம் மொத்தம் 600க்குக் கணக்கிட்டுத் தரவரிசை தீர்மானிக்கப்படுகிறது. சிக்கல் எழுவது அந்த இரண்டாம் பாதியில். மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, ஐஎஸ்சி என வெவ்வேறு வாரியங்களில் படித்தோரின் மதிப்பெண்களை ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை இருந்துவந்த முறை, ஒவ்வொரு வாரியத்தின் மதிப்பெண் சராசரியையும், மதிப்பெண்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதையும் கொண்டு கணக்கிட்டது. நிறையப் பேர் உயர்ந்த மதிப்பெண் பெறும் வாரியத்தில் சராசரி உயர்கிறது. சராசரி உயர்ந்தால் அந்த வாரியத்து மாணவரின் மதிப்பெண் கீழே இழுக்கப்படுகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகள் இதனால் இழப்புக்கு உள்ளாகின்றனர் என்பது கேரளத்துப் பெற்றோரும் ஆசிரியரும் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த குறை.

அந்தக் குறையைக் களையவே மாநில அரசு புதிய முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண்ணை நூறாகக் கொண்டு மற்றவற்றை அதன் விகிதத்தில் உயர்த்துவது அதன் சாரம். தமிழ்நாட்டில் பழக்கத்தில் உள்ள முறையோடு பெரிதும் ஒத்தது அது. ஓரிடத்து உச்சம் 95 என்றால் அங்கே 70 பெற்றவருக்கு ஏறத்தாழ 73.68 கிடைக்கும். அதனோடு, மூன்று பாடங்களுக்கும் சமமாக இருந்த பங்கு, கணிதத்துக்கு ஐந்து, இயற்பியலுக்கு மூன்று, வேதியியலுக்கு இரண்டு என்ற விகிதத்துக்கு மாற்றப்பட்டது. ஆனால் இம்மாற்றம் வந்தது எப்போது? விளக்கக் குறிப்பேடு பிப்ரவரி 19 அன்றே வெளியாகிவிட்டது. தேர்வு ஏப்ரலில் முடிந்துவிட்டது. தேர்வு மதிப்பெண்ணும் மே மாதத்தில் மாணவர் கைக்கு வந்துவிட்டது. தரவரிசைப் பட்டியல் வெளியாகும் ஜூலை 1 அன்று, அதற்குச் சற்று முன்னர்தான் குறிப்பேட்டைத் திருத்தும் ஆணை பிறந்தது.

சிபிஎஸ்இ மாணவர் தரப்பில் வழக்கு தொடுக்கப்பட்டது. தேவராவிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, ஜூலை 9 அன்று பட்டியலை நீக்கி, பிப்ரவரிக் குறிப்பேட்டின்படியே புதிய பட்டியல் வெளியிடுமாறு ஆணையிட்டார். அது தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு எதிரான அகில இந்தியப் பொது வேலைநிறுத்த நாள். கேரளம் முழுவதும் கடைகள் அடைத்துக் கிடந்தன, பேருந்துகள் ஓடவில்லை. மறுநாள் மாநில அரசின் மேல்முறையீட்டை இரு நீதிபதிகள் அமர்வும் ஏற்கவில்லை. அன்றிரவே பழைய முறையில் பட்டியல் வந்தது. முதல் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த மாநிலப் பாடத்திட்ட மாணவர் ஏழாம் இடத்துக்குச் சென்றார். முதல் நூறு இடங்களில் மாநிலப் பாடத்திட்டத்தினர் 43 பேர் இருந்தது 21 ஆகக் குறைந்தது. அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெற்ற பட்டியல் அது. ஒருவர் பெயர் நகர்ந்தால் அதன்கீழ் ஆயிரம் பெயர்கள் நகரும். மாநிலப் பாடத்திட்ட மாணவர் உச்ச நீதிமன்றம் சென்றனர். ஜூலை 16 அன்று அந்நீதிமன்றம் அவ்வாண்டுச் சேர்க்கையில் தலையிட முன்வரவில்லை. ஆகஸ்ட் 14க்குள் சேர்க்கையை முடித்தாக வேண்டும் என்ற நிலையில் மாநில அரசும் மேல்முறையீடு செய்யவில்லை.

இடது ஜனநாயக முன்னணி அரசின் நோக்கத்தில் பிழை காண இயலாது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் மலையாள வழியில் படித்த பிள்ளை, அதிகக் கட்டணம் வசூலிக்கும் பள்ளியின் பிள்ளையோடு போட்டியிடுகையில், கணக்கிடும் சூத்திரத்தாலேயே பின்தள்ளப்படுவது அநீதி. அதனைச் சரிசெய்ய முனைந்தது சரியானதே. ஆனால் சரியான செயலைத் தவறான வேளையில் செய்தால் அதன் சுமை முதலில் விழுவது யாருக்காக அது செய்யப்பட்டதோ அவர்கள் தலையில்தான். ஜூலை 1 இரவு அந்த மாணவர்கள் அடைந்த இடம் அவர்களுடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று வாதிடலாம். பிப்ரவரிக்கு முன்பே விதி திருத்தப்பட்டிருந்தால் எந்த நீதிமன்றமும் அதனை அசைத்திருக்க முடியாது. ஒரு குறையைப் பல்லாண்டுகள் அறிந்திருந்தும், திருத்தத்தை இறுதி நாளுக்குக் கொண்டுவந்து நிறுத்திய நிர்வாகத் தாமதத்துக்கு உயர் கல்வித் துறையும் அப்போதைய அமைச்சர் ஆர். பிந்துவும் விடை சொல்லியே ஆக வேண்டும். இதனைச் சொல்லத் தயங்குவது இடதுசாரி ஏட்டுக்கு அழகன்று. எதிர்க்கட்சிகளும் சில தொலைக்காட்சிகளும் இதை அரசியல் விருந்தாக்கிக் கொண்டன என்பது உண்மையே. விருந்துக்கு வேண்டிய பொருளை அவர்கள் கையில் கொடுத்தது யார் என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது.

நீதிமன்றம், சூத்திரம், பட்டியல் என்று பேசும்போது கண்ணுக்குத் தப்பிவிடுவது வீடு. ஜூலை 1க்கும் 10க்கும் இடையில் முடிவு செய்ய வேண்டியிருந்தவை எத்தனை! தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்து வைப்பதா, பட்டியலை நம்பி விட்டுவிடுவதா? கல்விக் கடனுக்கு வங்கியில் எந்தக் கல்லூரியின் பெயரை எழுதுவது? வெளியூர் என்றால் விடுதிக்குப் பணம் எங்கிருந்து வரும்? அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போக வேண்டியது இந்த வாரமா, அடுத்த வாரமா? நாட்கூலிக்குச் செல்லும் தகப்பன் சான்றிதழ் வாங்க ஒருநாள் வேலையை விட்டால் அன்றைய கூலி போயிற்று. வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று என அது மூன்று நாளாக நீண்டால் மூன்று நாள் கூலியும் போயிற்று. வாத்துருத்தி போன்ற குடியிருப்புகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த மாநிலத்துக்குரியவர் என்ற கேள்வியே அவர்களைச் சுற்றும். பிள்ளை கேரளத்தில் படிக்கிறது; தாய் தந்தையரின் சான்றுகளோ திண்டுக்கல்லிலோ தேனியிலோ கிடக்கின்றன. இப்படிப்பட்ட வீட்டில் ‘முடிவு’ என்பது ஒரு நாளில் வந்து போகும் செய்தியாக இருப்பதில்லை.

மலையாளத்தில் தேர்வு முடிவைப் ‘பரீட்சைப் பலம்’ என்பர். பழம், பயன் என்னும் பொருள் அதில் ஒலிக்கும். தமிழில் அதற்கு வழங்கும் சொல் ‘முடிவு’. எது முடிந்துவிட்டது என்று இந்தச் சொல் வந்ததோ தெரியவில்லை. உண்மையில் பெற்றோரின் காத்திருப்பு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. 2025ஆம் ஆண்டின் நாட்காட்டியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே 8. சிபிஎஸ்இ மே 13. கேரளம் மே 22. மருத்துவத்துக்கான நீட் ஜூன் 14. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொதுத் தேர்வு முடிவு ஜூலை 4. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணையத்தளம், தனிக் கடவுச்சொல், தனிக் கட்டணம், தனி இறுதி நாள். மே முதல் வாரத்தில் கைப்பேசியைத் தொட்ட தகப்பன் ஆகஸ்ட் வரை அதனைக் கீழே வைக்க இயலாது.

அந்தத் தேதிகளாவது நிலையாக நிற்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. ஒன்றிய அரசு 2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வைப் புகுத்தியது. முதலாண்டில் அதன் முடிவு வந்தது செப்டம்பர் நடுவில். 2024இல் ஜூன் 30 என்று அறிவித்தார்கள். ஜூலை 28இல் வந்தது. அதே 2024இல் நீட் முடிவை அறிவித்த நாளுக்குப் பத்து நாள் முன்னதாக, நாடே மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கையில் ஆழ்ந்திருந்த ஜூன் 4 அன்று வெளியிட்டார்கள். 67 பேர் முழு மதிப்பெண் பெற்றிருந்தனர்; 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் வழங்கப்பட்டிருந்தது; பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது; மறுதேர்வு நடந்தது; திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண் பெற்றோர் 17 ஆயினர். இருபத்து மூன்று லட்சம் குடும்பங்கள் இதனை வேடிக்கை பார்க்கவில்லை, அனுபவித்தன. இத்தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு முகமை, சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற ஒரு சங்கம். நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்ட வாரியமன்று.

தமிழ்நாட்டுப் பெற்றோர்க்கு 2017 ஆகஸ்டு நினைவிருக்கும். ஓராண்டு விலக்குக்கு ஒன்றிய அரசு துணைநிற்கும் என்று அமைச்சர் வாயாலேயே சொல்லப்பட்டது. பத்து நாட்கூடக் கழியவில்லை. ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தில் அதே அரசு கையை விரித்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றிருந்த குழுமூர் அனிதாவைத் தமிழகம் செப்டம்பர் முதல் நாளில் இழந்தது. விதி எது என்று ஆகஸ்டு வரை சொல்லாமல் வைத்திருந்தவர்கள் எவரும் அதற்குப் பொறுப்பேற்கவில்லை.

காத்திருக்கும் காலம் நீள நீள அதில் லாபம் காண்போரும் உள்ளனர். அரசுக் கல்லூரியின் பட்டியல் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் தனியார் கல்லூரிக்கு அறுவடை வாரம். நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு ‘இன்றே கடைசி நாள்’ என்று தொலைபேசி வரும். பெற்றோரின் அச்சத்துக்கு விலை பேசப்படும். பின்னர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்து விலகினால், கட்டிய பணத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2024இல், செப்டம்பர் 30 வரை விலகுவோர்க்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று ஆணையிட்டது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018லேயே அறிவித்தது. இவை எத்தனை பெற்றோர்க்குத் தெரியும்? தெரிந்தவர்களுள் எத்தனை பேர் கல்லூரி அலுவலகத்தில் குரல் உயர்த்திக் கேட்கத் துணிவர்?

‘தகுதி’ என்னும் சொல்லின் கதை இன்னும் விந்தையானது. 2025இல் நீட் எழுதியோர் 22 லட்சத்துக்கும் மேல்; தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டோர் 12.36 லட்சம். நாட்டில் அப்போது இருந்த எம்பிபிஎஸ் இடங்களோ ஏறத்தாழ 1.18 லட்சம், அவற்றுள் அரசுக் கல்லூரிகளில் இருந்தவை ஏறத்தாழப் பாதிதான். ஆக, தகுதி பெற்றவர் பதின்மருக்கு ஓரிடம். அரசு இடம் என்றால் இருபதின்மருக்கு ஒன்று. பின் எதற்கு இத்தனை பேருக்குத் ‘தகுதி’? கட்டணம் கட்ட வல்லவர்களைத் தேடிப் பட்டியலில் எவ்வளவு கீழே வேண்டுமானாலும் தனியார் கல்லூரி இறங்கிச் செல்வதற்கு அது வழி செய்கிறது. 2023இல் முதுநிலை மருத்துவ இடங்களை நிரப்பத் தகுதி வரம்பைப் பூச்சியத்துக்கே இறக்கியது ஒன்றிய அரசு. மகள் தகுதி பெற்றுவிட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லி மகிழ்ந்த எளிய தகப்பன், அதன் பொருள் என்ன என்பதை ஒதுக்கீட்டுக் கூடத்தில்தான் கற்றுக்கொள்கிறான்.

உளவியல் அறிஞர்களும் நாளேடுகளின் குடும்பப் பக்கங்களும் இப்பருவத்தில் பெற்றோர்க்கு அறிவுரை வழங்குகின்றன. பதற்றம் கொள்ளாதீர், பிள்ளையைப் பிறரோடு ஒப்பிடாதீர், நன்றாக உறங்குங்கள். நல்ல அறிவுரைகளே. பதினேழு வயதுப் பிள்ளையின் முகத்தை நோக்கி ‘உனக்காக எவ்வளவு செலவழித்தோம்’ என்ற சொல்லை வீசும் வீடுகள் இன்னும் உள்ளன. வீசுவோர் கொடியவர்களும் அல்லர், வட்டிக்கு வாங்கிய பணத்தின் சூட்டில் பேசுகிறார்கள். முடிவு வரும் நாளன்று பிள்ளையைத் தனியே விடாமல் உடனிருப்பதும், மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் சோறு உண்டாயா என்று கேட்பதும் எந்தக் கல்விக் கொள்கைக்கும் காத்திருக்க வேண்டாதவை. மனம் தளர்ந்தால் பேசுவதற்கு 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் நாடு முழுவதும் உள்ளது. ஆயினும், பட்டியல் ஒன்பது நாளில் தலைகீழாகும் நாட்டில் பெற்றோர் பதற்றப்படுவது நோயன்று. சூழலை உள்ளபடி அறிந்தவரின் பதற்றம் அது. மருந்து தேவைப்படுவது அந்தச் சூழலுக்குத்தான்.

தேவராவுக்கு எதிர்க்கரையில் உள்ள மட்டாஞ்சேரிக்கு இத்தகைய தவிப்பு புதிதன்று. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. காலையில் வேலைக்குக் கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசியெறிவான். முண்டியடித்து, மிதித்து, அடித்துக்கொண்டு வில்லையைப் பிடித்தவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டில் அன்று உலை ஏறாது. தொழிலாளிக்குத் தொழிலாளி எதிரி. வில்லை வீசுகிறவனைப் பார்த்து ஒருவரும் முறைப்பதில்லை, பக்கத்தில் நிற்பவனைத்தான் முறைப்பார்கள். இதற்கு எதிராக எழுந்த போராட்டம் 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்தது. அப்போராட்டத்தில் சைது, சைதலவி, அந்தோணி என்னும் மூவர் உயிர் ஈந்தனர். அத்தொழிலாளர் கேட்டது இன்னும் வேகமாகத் தாவுவதற்கான பயிற்சியை அல்ல. பதிவு வேண்டும், முறைவரிசை வேண்டும், நாளை யாருக்கு வேலை என்பது இன்றே தெரிய வேண்டும் என்று கேட்டார்கள்.

2025 ஜூலையில் கேரளத்தில் நடந்ததைப் பார்த்தால் மாநிலப் பாடத்திட்டப் பெற்றோரும் சிபிஎஸ்இ பெற்றோரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றனர். ‘எங்கள் இடத்தை அவர்கள் பறித்தார்கள்’ என்று இரு தரப்பும் ஒரே சொற்களில் பேசின. சிபிஎஸ்இ பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவோர் எல்லாரும் செல்வர் அல்லர். கப்பல் தளத்தின் ஒப்பந்தத் தொழிலாளியும் கடன் வாங்கி அங்கு அனுப்புகிறார். இரு பக்கமும் தாவிப் பிடிக்க முனைவது அரசுக் கல்லூரிகளின் குறைந்த எண்ணிக்கையிலான இடங்களைத்தான். அவற்றை வளர்க்காமல் வைத்திருக்கும் கொள்கை இவ்விருவரின் சண்டையில் முகம் காட்டாமல் இருந்துகொள்கிறது. 2025 மார்ச் 25 அன்று கேரளச் சட்டமன்றமே தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்றியது. கேரள மாணவர்க்கு 40 விழுக்காடு இடம் என்ற நிபந்தனை உள்ளிட்ட காப்புகள் அதில் உண்டு என்று அரசு கூறியது. தனியார்மயத்தை எதிர்த்துக் கூத்துபரம்பில் 1994 நவம்பர் 25 அன்று ஐந்து தோழர்களை இழந்த இயக்கம் இந்தத் திசைமாற்றத்தைக் குறித்துத் தொழிலாளர் குடும்பங்களோடு திறந்த மனத்துடன் பேசக் கடமைப்பட்டுள்ளது. ஒன்றிய அரசு நிதியைச் சுருக்குகிறது என்பது உண்மை. அது மட்டுமே போதுமான விடையாகாது.

பெற்றோர் ஒன்றுகூடினால் என்ன நடக்கும் என்பதற்குத் தெலங்கானா ஒரு சான்று. 2019 ஏப்ரல் 18 அன்று அங்கே இடைநிலைத் தேர்வு முடிவுகள் வெளியாயின. முடிவுகளைக் கணினியில் தொகுக்கும் பணி தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தோல்வி என்று வந்தது. தெலுங்குப் பாடத்தில் 99 பெற்ற மாணவி ஒருவருக்குப் பூச்சியம் என்று அச்சாகியிருந்தது. அடுத்த சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட இளம் உயிர்கள் போயின. தொடக்கத்தில் ஒவ்வொரு வீடும் தன் பிள்ளைதான் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று நம்பியது. பிறகு தாய்மாரும் தகப்பன்மாரும் ஐதராபாத்தின் நாம்பள்ளியில் உள்ள இடைநிலைக் கல்வி வாரியத்தின் வாயிலில் மதிப்பெண் தாளோடு வந்து நிற்கத் தொடங்கினர். ஒரு தாளைப் பார்த்து இன்னொரு தாய், ‘என் மகளுக்கும் இதே போல்தான்’ என்று சொல்லும் நிலை உருவானது. மாணவர் அமைப்புகள் துணைநின்றன. மூவர் குழு அமைக்கப்பட்டது, பிழைகள் ஒப்புக்கொள்ளப்பட்டன, தோல்வி என்று அறிவிக்கப்பட்ட அனைவரின் விடைத்தாளும் கட்டணமின்றி மறு ஆய்வு செய்யப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றவராயினர். போன உயிர்கள் திரும்பவில்லை. ஆனால் அந்த வாயிலில் கூடியிராவிட்டால் இந்த ஆயிரம் பேரும் காலமெல்லாம் தம்மையே நொந்துகொண்டிருப்பர்.

தமிழ்நாட்டின் அனுபவத்திலும் கற்க வேண்டியவை உள்ளன. 2017இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. ஒரே நாளில் சில பிள்ளைகளைத் தலையில் தூக்கிவைத்து, பல லட்சம் பெற்றோரைத் தலைகுனிய வைத்த வழக்கம் அது. தோற்றவர்க்கு உடனடித் துணைத் தேர்வு உண்டு. கேரளத்திலும் ஓராண்டை வீணாக்காமல் காக்கும் ‘சே’ தேர்வு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இலும் தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்தது. அது தேர்வுக்குப் பின் திடீரென முளைத்த ஆணையாக இல்லாமல் சட்டமாக வந்தது, ஆகவே நின்றது. இதற்காகத் தமிழ்நாடு பூரித்துப்போக வேண்டியதில்லை. அரசு முதலிடம் அறிவிப்பதை நிறுத்தியதும் தனியார் பயிற்சி மையங்கள் சாலையோரப் பதாகைகளில் அதே வேலையைத் தொடங்கிவிட்டன. அவற்றை எந்த ஆணையும் இதுவரை இறக்கவில்லை.

கேரள அரசு இப்போது செய்யக்கூடியது தெளிவானது. சமநிலைப்படுத்தும் சூத்திரத்தை அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பம் கோருவதற்கு முன்பே, ஆசிரியர் அமைப்புகளையும் பெற்றோர்–ஆசிரியர் கழகங்களையும் எல்லா வாரிய மாணவரையும் கலந்து முடிவு செய்து, மலையாளத்தில் எளிய நடையில், ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை எடுத்துக்காட்டாகக் கொண்டு கணக்குப் போட்டுக் காட்டி வெளியிட வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தாய் அதனைப் பார்த்துத் தன் மகனின் இடத்தைத் தானே ஏறத்தாழக் கணக்கிட முடிய வேண்டும். அதன்பின் எக்காரணத்தை முன்னிட்டும் அவ்வாண்டுக்கு மாற்றக் கூடாது. ஒன்றிய அரசைப் பொறுத்தவரை, மாநிலங்களின் உரிமையைப் பறித்து நடத்தும் மையப்படுத்தப்பட்ட தேர்வுகளைக் கைவிட வேண்டும் என்பதே நெடுநாள் கோரிக்கை. அது நிறைவேறும் வரையிலும், அறிவித்த நாளில் முடிவை வெளியிடாத முகமை, அத்தாமதத்தால் தனியார் கல்லூரிகளில் பெற்றோர் இழந்த முன்பணத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

அரசுகள் செய்யும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை.   தொழிற்சங்க அலுவலகங்களும் நூலகங்களும் மாலை ஆறு மணிக்குமேல் இரண்டு மணி நேரம் திறந்து, ஒரு கணினியும் இரண்டு மாணவத் தோழர்களும் இருந்தால், வேலை முடித்து வரும் தகப்பன் கணினிக் கடைக்கு நூறும் இருநூறும் அழாமல் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்துகொள்ள முடியும். கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் மனுவை எழுதித் தர முடியும். திண்டுக்கல்லில் கிடக்கும் சான்றிதழுக்கு அங்குள்ள தோழர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துத் தர முடியும். தேவராவிலும் வாத்துருத்தியிலும் மட்டாஞ்சேரியிலும் மலையாளமும் தமிழும் அறிந்த இளைஞர் ஏராளம். மாநிலப் பாடத்திட்டத்துத் தாயும் சிபிஎஸ்இ தகப்பனும் ஒரே பெஞ்சில் அமர்ந்து தம் முறைக்குக் காத்திருக்கும் இடமாகவும் அது இருக்கும். இவ்வேலையை அடுத்த ஆண்டு மே மாதத்துக்கு என்று ஒத்திவைக்க வேண்டாம். இந்த வாரமே தொடங்கலாம்.